பிரிண்ட்டா, பிரவுசரா, ரிகவரா? ஆர் மொழியில் பிழை பிடிக்கும் வழிகள்

புள்ளிவிவரக் கணக்குகளுக்கான நிரல்மொழி ஆர். அதில் எரர் அடித்து நிற்கும் பிழை ஒரு வகையில் நல்ல பிழை. சத்தமே போடாமல் தப்பான விடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு மழைக்கணக்கு ஃபைலை எடுத்துக்கொள்வோம். ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) 12, 7, 105, ‘பதிவில்லை’ என்று நான்கு மதிப்புகள். அந்த ஒரு சொல்லால் பத்தி முழுவதும் எழுத்தாகிவிடுகிறது. 2020-இல் வந்த ஆரின் 4.0.0 பதிப்புக்கு முன்பு, ஃபைலைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி() இதைத் தானாகவே ஃபேக்டர் ஆக்கிவிடும்; அதாவது வெவ்வேறு மதிப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இட எண் கொடுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஃபேக்டரை எண்ணாக மாற்றும் ஆஸ்.நியூமரிக்()-இல் போட்டால் கிடைப்பது மில்லிமீட்டர் இல்லை, வரிசையில் எத்தனையாவது இடம் என்ற எண். எழுத்தாக அடுக்கினால் 105 முதலில், பிறகு 12, பிறகு 7, கடைசியில் அந்தச் சொல். ஆக விடை 2, 3, 1, 4. ஊரே மிதந்த நாளுக்கு 1 மி.மீ. மழை! எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை.

இங்கே டிரேஸ்பேக்() எதற்கும் உதவாது. கடைசியாக விழுந்த எரர் எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்று மட்டுமே அது காட்டும். எரரே இல்லையென்றால் காட்ட என்ன இருக்கிறது? எரர் இருக்கும்போது கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: நாம் அழைத்தது அடியில், விழுந்த இடம் உச்சியில். எங்கே விழுந்தது என்று தெரியும், அந்த நேரத்தில் எந்த மாறியில் என்ன இருந்தது என்று தெரியாது.

சரி, பிரிண்ட். இதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் நிறைய. நான் அப்படிப் பார்ப்பதில்லை. 4,000 ஃபைல்களை லூப்பில் ஓட்டும்போது ஒவ்வொன்றின் பெயரையும் கேட்() போட்டு எழுதிவிட்டால், நின்ற இடத்தில் கடைசியாக இருக்கும் பெயர்தான் குற்றவாளி. ஆனால் மழைக்கணக்கின் டேபிளை முழுதாகப் பிரிண்ட்() போட்டு என்ன பயன்? 12, 7, 105 என்று பார்க்க அழகாகவே இருக்கும். தரவின் வகையைக் காட்டும் எஸ்டிஆர்() போட்டால்தான் ‘ஃபேக்டர்’ என்ற சொல் கண்ணில் படும். மதிப்பைப் பார்ப்பதைவிட அதன் வகையைப் பார்ப்பது முக்கியம்.

என் முதல் தேர்வு பிரவுசர்(). சந்தேகப்படும் வரிக்கு மேலே எழுதிவைத்தால் ஓட்டம் அங்கே நிற்கும், உள்ளே உட்கார்ந்து எதையும் கேட்டுப் பார்க்கலாம். இஃப் போட்டு நிபந்தனையும் வைக்கலாம்: மதிப்பு என்ஏ (மதிப்பே இல்லை என்ற குறி) ஆகும் சுற்றில் மட்டும் நில் என்று. ஒரு தொல்லை உண்டு. ‘என்’ என்று அடித்தால் அடுத்த வரி, ‘சி’ என்றால் தொடர்ந்து ஓடு, ‘கியூ’ என்றால் வெளியேறு. நம் மாறியின் பெயரே ‘என்’ என்றால்? அதைப் பார்க்கப் போய் ஒரு வரி நகர்ந்துவிடும். பிரிண்ட்() போட்டுத்தான் கேட்க வேண்டும். ஆர் எழுத உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் வரிக்குப் பக்கத்தில் வைக்கும் சிவப்புப் புள்ளியும் இதே வேலைதான். ஃபைலை சோர்ஸ் செய்யாவிட்டால் (முழு ஃபைலையும் ஆருக்குள் ஏற்றாவிட்டால்) புள்ளி வெற்று வட்டமாகவே நிற்கும், ஓட்டம் நிற்காது.

பிரவுசருக்கு எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது ரிகவர்தான். ஆரின் அமைப்புகளை மாற்றும் ஆப்ஷன்ஸ்()-இல் எரருக்கு நேராக ரிகவர் என்று கொடுத்துவிட்டால், எரர் விழுந்ததும் ஃபங்ஷன்களின் பட்டியல் எண் போட்டு வரும். எந்த எண்ணை அடிக்கிறோமோ அந்த ஃபங்ஷனுக்குள் போய்ப் பார்க்கலாம். இதுவும் எரருக்காகத்தான் காத்திருக்கிறது. அதனால் நான் வார்ன் = 2 என்பதையும் கூடவே போடுவேன், வார்னிங் எல்லாம் எரர் ஆகிவிடும். 4.0.0-க்குப் பிந்தைய ஆரில் நம் மழைப் பத்தி எழுத்தாகவே இருக்கும், ஆஸ்.நியூமரிக்() ‘பதிவில்லை’யை என்ஏ ஆக்கி ஒரு வார்னிங் கொடுக்கும். அந்த முனகலை இது அலறலாக்கிவிடும். சில பேக்கேஜ்கள் சும்மா தரும் வார்னிங்குக்கும் நின்று எரிச்சலூட்டும் என்பது உண்மைதான்.

இரவு முழுக்க சர்வரில் ஓடும் ஸ்கிரிப்டில் எண்ணை அடிக்க ஆள் இல்லை. அங்கே ஆப்ஷன்ஸ்()-இல் ரிகவருக்குப் பதில் டம்ப்.ஃப்ரேம்ஸ்() கொடுத்து நிலவரத்தை ஃபைலில் சேமித்து, காலையில் டீபக்கர்()-இல் திறக்கலாம். அதே வரியில் ஆரை மூடும் க்யூ()-வும் எழுதிவிடுங்கள். ஒரு முறை நான் எழுத மறந்துவிட்டேன். எரருக்குப் பிறகும் ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடி, பாதிக் கணக்கை வைத்து முழு அறிக்கையையும் தயாரித்து வைத்திருந்தது.

இந்த மூன்றும் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. ஒரே செட்.சீட் (குலுக்கலின் தொடக்க எண்), ஒரே ஸ்கிரிப்ட், ஆனால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் சாம்பிள்() இரண்டு கணினியில் வேறு வேறு வரிசை தருகிறது. பிரவுசரில் வரி வரியாக நடந்தாலும் பிழை அகப்படாது. பெரிய எண்ணிக்கையிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது சாம்பிள்() சற்றே ஒருபக்கம் சாய்ந்தது, 2019-இல் 3.6.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். அதற்கு முந்தைய ஆர் ஒரு கணினியில் இருந்தால் விடை மாறத்தான் செய்யும். இதற்கு செஷன்இன்ஃபோ() போதும், முதல் வரியிலேயே பதிப்பு எண் இருக்கும்.