வேலி மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: குழியை மூடும் முன் அளந்துவிடுங்கள்

வீட்டைச் சுற்றியிருந்த பழைய கம்பிவேலியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தேன். பேசியதில் பாதிகூடச் செய்யாமல் முக்கால்வாசிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயரைப் போடப் போவதில்லை. இதே வேலையில் ஏமாந்த வேறு சிலரிடம் அப்புறம் பேசியபோது ஆள்தான் வேறு, செய்த வித்தை அப்படியே ஒன்றுதான் என்று தெரிந்தது. அதனால் வித்தையை மட்டும் எழுதுகிறேன், அடுத்து யாராவது இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு உதவட்டும்.

வாய்ப்பேச்சில் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணி கண்ணியாகப் பின்னிய செயின்லிங்க் வலை, ஆறடி உயரம், 10 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) கம்பி, 8 அடி நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கம்பம், அதில் 2 அடி மண்ணுக்குள் கான்கிரீட்டில், கம்பத்துக்குக் கம்பம் 8 அடி இடைவெளி, மூலைக் கம்பங்களுக்குச் சாயாமல் தாங்கும் முட்டுக்கால், பழைய வேலி நின்ற அதே கோட்டில் புதியது என்று எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பினேன். "சரி சார், எல்லாம் பக்காவா பண்ணிடலாம்" என்று பதிலும் வந்தது. கொட்டேஷன் என்று அவர் அனுப்பியதில் மட்டும் இந்த விவரம் எதுவும் இல்லை, பழைய வேலி அகற்றும் கூலி என்று ஒரு வரி, புது வேலி முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகையாக இன்னொரு வரி, அவ்வளவுதான். இப்படி மொத்தமாக ஒரே தொகை எழுதித் தரும் ஆளிடம் அங்கேயே நிறுத்திப் பிரித்துக் கேளுங்கள். கம்பம் எத்தனை, வலை எத்தனை அடி, கான்கிரீட்டுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிவிட்டால் பிறகு குறைத்துப் போடுவது கடினம், அதனால்தான் பிரிக்க மாட்டார்கள்.

வேலை முடிந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேலி என்பது முடிந்த அன்று எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் தப்பு நடக்கும் இடங்கள் எல்லாம் மண்ணுக்குள்ளேயோ பூச்சுக்கு அடியிலேயோ இருக்கின்றன. காற்றோடு ஒரு நல்ல மழை பெய்தது, பின்பக்க மூலைக் கம்பம் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது, அதன் பின்னாலேயே வலையும் தொய்ந்து வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. போன் செய்தால் "இயற்கைக்கு நாம என்ன சார் பண்ண முடியும்" என்கிறார். கம்பிவலையில் காற்றுக்குப் பிடிமானமே குறைவு, முக்கால்வாசி ஓட்டை வழியாகப் போய்விடும். மேலே கொடி படரவிட்டிருந்தாலோ பச்சைத் துணி கட்டியிருந்தாலோ அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு, என் வேலியில் இரண்டும் இல்லை.

சாய்ந்த கம்பத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். மேலே அகலமாக, தொப்பி வைத்தது போல கான்கிரீட், அதைத் தட்டி எடுத்தால் கீழே ஓரடிக்குமேல் ஒன்றும் இல்லை! குழி அவ்வளவுதான். சரி, 8 அடிக் கம்பம் ஓரடிக் குழியில் நின்றால் மேலே ஏழடி தெரிய வேண்டுமே, எப்படி ஆறடி தெரிகிறது என்று யோசித்தால், கம்பத்தையே ஓரடி வெட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கம்பங்களையும் தோண்டினேன், எல்லாம் அதே கதை. கம்பத்தின் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மண்ணுக்குள் போக வேண்டும், குழியின் அகலம் கம்பத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மண் இளகலாக இருந்தால் இன்னும் ஆழம் வேண்டும். இதில் ஏமாற்றுவதுதான் அவர்களுக்கு நிறைய மிச்சம், ஏனென்றால் குழி தோண்டும் கூலி, சிமெண்ட், ஜல்லி, கம்பத்தின் நீளம் நான்குமே ஒரே அடியில் குறைகின்றன.

கான்கிரீட் என்று சொன்னேனே, அதையும் மூட்டையிலிருந்து கொட்டி மேலே தண்ணீர் தெளித்தது மாதிரிதான் இருந்தது, உடைத்த துண்டு கையிலேயே உதிர்ந்தது. அதிலும் கம்பம் நட்ட மறுநாள் காலையிலேயே வலையை இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஒழுங்காகக் கலந்து போட்ட கான்கிரீட்டே 28 நாளில் அடையும் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஏழாவது நாளில் எட்டுகிறது, மறுநாள் அது வெறும் இறுகிய மண் மாதிரிதான். வலையை முறுக்கி இழுக்கும்போது நடுவில் இருக்கும் கம்பங்களுக்கு இரண்டு பக்கமும் சமமாக இழுவை இருப்பதால் பெரிய பாதிப்பு இல்லை. மூலைக் கம்பத்துக்கு அப்படி இல்லை, இரண்டு பக்க வலையும் சேர்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் சாய்வாக முட்டுக்கால் கேட்டேன். அதைப் போடவே இல்லை, கேட்டதற்கு "கம்பம் கனமான கம்பம் சார், தேவையில்லை" என்றார்.

கனமான கம்பமா என்று பார்க்கலாமே என்று வெட்டிய முனையைப் பார்த்தேன். வெளியே வெள்ளி மாதிரி பளபளப்பு, உள்ளே கறுப்பு. உண்மையான ஜிஐ பைப்பை உருக்கிய துத்தநாகத்தில் முழுக்கி எடுப்பதால் உள்பக்கமும் பூச்சு ஏறியிருக்கும். இது சாதாரண இரும்புப் பைப்புக்கு மேலே அலுமினியப் பெயிண்ட் அடித்தது. பொருள் வந்து இறங்கும்போதே ஒரு பைப்பைத் தூக்கி உள்ளே எட்டிப் பாருங்கள், சாவியால் ஒரு கீறல் போடுங்கள், பெயிண்ட் என்றால் சுருண்டு உரியும். யாரோ காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை, இரண்டிலும் இருப்பது இரும்புதான், இரண்டிலும் ஒட்டும்.

அடுத்தது கேஜ். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும், இது பலருக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கிறது, விற்பவர்களுக்கு அது வசதியும்கூட. நான் கேட்ட 10 கேஜ் என்பது பிரிட்டிஷ் அளவில் 3.25 மில்லிமீட்டர், போட்டிருந்தது 2.6 சொச்சம், அதாவது 12 கேஜ். பார்வைக்கு யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காணாமல் போய்விடுகிறது. கண்ணியின், அதாவது வலை ஓட்டையின் அளவை 50 மில்லிமீட்டரிலிருந்து 75 ஆக்கினால் இன்னும் குறையும், என் வலையில் நல்லவேளை அதைச் செய்யவில்லை, கண்ணில் பட்டுவிடும் என்று விட்டிருப்பார். அமெரிக்க கேஜ் அட்டவணை வேறு, பிரிட்டிஷ் அட்டவணை வேறு, அதனால் கேஜில் பேசவே பேசாதீர்கள், மில்லிமீட்டரில் எழுதி வாங்கி தடிமன் அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள். பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் பூசிய வலை வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும், அதில் 3 மில்லிமீட்டர் என்று சொல்வது பெரும்பாலும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து, உள்ளே இரும்பு 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். முனையில் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். வலையைக் கம்பத்தோடு கட்டப் பயன்படுத்திய கட்டுக்கம்பியோ கான்கிரீட் கம்பி கட்டும் அதே கறுப்புக் கம்பி, முதல் மழையிலேயே துரு வழிய ஆரம்பித்துவிட்டது.

பின்பக்கம் 160 அடி. 8 அடிக்கு ஒன்று என்றால் 21 கம்பம் வர வேண்டும், எண்ணினால் 17, அதாவது 10 அடிக்கு ஒன்று. 10 அடி இடைவெளி ஒன்றும் தப்பான அளவு இல்லை, பல இடங்களில் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் 8 அடிக்கு ஒன்று என்று பேசிக் காசு வாங்கிவிட்டு நான்கு கம்பத்தை முழுங்குவது வேறு விஷயம்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது எல்லைக்கோடு விஷயத்தில்தான். பழைய கம்பங்களின் கான்கிரீட் அடிப்பகுதி மண்ணுக்குள் இருந்தது, அதை உடைத்து எடுக்கச் சோம்பல்பட்டு, அதற்கு உள்பக்கமாக அரை அடி தள்ளிப் புதுக் குழி போட்டிருக்கிறார்கள். "அரை அடிதானே சார், பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தானே" என்று எனக்கே ஆறுதல் வேறு. 160 அடி நீளத்துக்கு அரை அடி என்றால் 80 சதுர அடி நிலம் வேலிக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வீடு கைமாறும், அடுத்து வருபவர் வேலியைத்தான் எல்லை என்பார், நீண்ட காலம் யாரும் ஆட்சேபிக்காமல் ஒரு நிலத்தை அனுபவித்து வந்தால் அதில் உரிமை கோர வழிவிடும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. பழைய வேலியைக் கழற்றும் முன் இரு பக்கமும் தெரியும்படி அளவு நாடாவோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லைக் கல் இருந்தால் அதையும் சேர்த்து. புது வேலி வரும் கோட்டுக்கு நூல் கட்டியதும் நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடப்பாரையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அப்போதே கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

குழி தோண்டும்போது தண்ணீர்க் குழாய் ஒன்றை உடைத்துவிட்டு அதில் துணியைச் சுற்றி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள், அது தனிக்கதை.

பழைய இரும்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கீழே துருப்பிடித்திருந்தாலும் மேலே ஐந்தடிக்கு நல்ல ஆங்கிள் கம்பங்கள், அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார், வேலை செய்த பையன்களே சொன்னார்கள். அகற்றும் கூலி என்று என்னிடம் தனியாக வாங்கியது நினைவிருக்கிறதல்லவா, என் இரும்பை எடுத்துப்போய் விற்க நானே கூலி கொடுத்திருக்கிறேன். இரும்பு உங்களுக்கா அவருக்கா, அவருக்கென்றால் கூலியில் எவ்வளவு கழியும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பணம் பாதி முன்பணமாக, கால்வாசி பொருள் இறங்கியதும், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு. பொருள் இறங்கிய அன்றே மீதியையும் சேர்த்துக் கேட்டார், கொடுக்கவில்லை. அந்தக் கால்வாசி கையில் நின்றதால்தான் போனையாவது எடுத்தார். தோண்டிய குழி, கம்பத்தின் வெட்டு முனை, காலிப்பர் அளவு எல்லாவற்றையும் படம் எடுத்து, அவர் "சரி சார்" என்று போட்ட பழைய பதிலையும் சேர்த்து அனுப்பினேன். முதலில் இரும்பு விலை ஏறிவிட்டது என்றார், பிறகு ஆட்கள் தப்பாகச் செய்துவிட்டார்கள் என்றார், கடைசியில் மீதிப் பணம் போட்டால் ஆள் அனுப்புகிறேன் என்றார். போடவில்லை. நுகர்வோர் புகாராக எழுதிக் கொடுத்திருக்கிறேன், இதுவரை நடவடிக்கை எதுவும் தெரியவில்லை. மூலைகளையும் பின்பக்கக் கோட்டையும் வேறு ஒருவரை வைத்துச் சரிசெய்தாயிற்று, கையிலிருந்த கால்வாசி அதற்குப் போதவில்லை, மெல்லிய வலை அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாவதாக வந்தவருக்கு வேலை தொடங்கும் முன் அனுப்பிய செய்தியை இங்கே போடுகிறேன், வேண்டியவர்கள் அளவை மாற்றி எடுத்துக்கொள்ளலாம்: "ஒவ்வொரு குழியும் 2 அடி ஆழம், நான் அளவு நாடா வைத்துப் படம் எடுத்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். கம்பம் 8 அடி, உள்ளும் புறமும் ஜிஐ, வெட்டக் கூடாது. வலைக் கம்பி பூச்சு நீங்கலாக 3.25 மில்லிமீட்டர், கண்ணி 50. கட்டுக்கம்பியும் ஜிஐ. மூலைக்கு இரண்டு முட்டுக்கால், கேட் கம்பத்துக்கு ஒன்று. கான்கிரீட் போட்டு ஏழு நாள் கழித்தே வலை இழுக்க வேண்டும். முன்பணம் கால்வாசி, கம்பம் நட்டதும் கால்வாசி, வலை கட்டியதும் கால்வாசி, மீதி ஒரு மாதம் கழித்து. சம்மதம் என்றால் இதே செய்திக்குக் கீழே ஒவ்வொன்றாக எழுதிப் பதில் போடவும்."