அரசு மருத்துவமனை ஈரல் பிரிவு: தம்பியைக் கூட்டிப்போன அனுபவம்

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன தம்பி 'அன்ஃபிட்' என்று திரும்பி வந்தான். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பாசிட்டிவ். பரிசோதனை செய்த இடத்தில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அம்மா தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துத்தான் எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். டாக்டருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, ஈரல் நோயாளிகளோடே காலம் கழித்தவர். தட்டு விஷயத்தைக் கேட்டதும், "சாப்பாட்டுல ஒட்டாதும்மா, ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க" என்றார். ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இப்படித்தான் பரவுமாம். எங்கள் எல்லாருக்கும் பரிசோதனை எழுதினார். அம்மாவுக்கும் பாசிட்டிவ். அம்மா அழுதபோது நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இவன் பொறந்தப்ப இதுக்கான தடுப்பூசி அரசுத் திட்டத்துலயே கிடையாது. உங்க தப்பு என்ன இருக்கு?" என்றார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

கீழாநெல்லிக்காகவும் திட்டவில்லை. 1988இல், அவர் எம்.பி.பி.எஸ். படிக்கும்போது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய ஆய்வைச் சொன்னார். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளமே ரத்தத்தில் இல்லாமல் போனதாம். "நாங்கள்லாம் அவ்வளவு ஆசைப்பட்டோம். அப்புறம் மத்தவங்க செஞ்சு பார்த்தப்ப அந்தப் பலன் வரலை."

இப்போது தம்பிக்குத் தினம் ஒரு டெனோஃபோவிர் 300 மில்லிகிராம் மாத்திரை, கிருமியை அடக்கி வைக்க. 2018இல் வந்த தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேனாவால் கோடு போட்டு, கிருமி எண்ணிக்கை இறங்குவதைக் காட்டினார். கோடு தரையைத் தொட்ட இடத்தில் நிறுத்தி, "இங்க வந்தாலும் கிருமி உள்ளதான் இருக்கும். நீங்களா மாத்திரையை நிறுத்தினா சீறிக்கிட்டு வரும்" என்றார். ஒரு வருடத்தில் எண்ணிக்கை அளவிட முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் வளைகுடா மெடிக்கலில் பாசிட்டிவ்தான் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

குறை என்றால் காத்திருப்பு. காலை ஏழுக்கே டோக்கன் வரிசை, கிருமி எண்ணிக்கை ரிசல்ட் வர மூன்று வாரம், உட்கார பெஞ்சும் போதாது.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட் அத்தனையும் எடுத்துப் போங்கள். வீட்டில் இருப்பவர்களையும் முதல் நாளே கூட்டிப் போங்கள்.