நாசாவோட செவ்வாய் ரா இமேஜ் கேலரி: டோனட், கதவு, எலும்பு தேடறவங்களுக்கான ரிவ்யூ

செவ்வாய்ல கதவு இருக்கு, எலும்பு கிடக்குன்னு சிவப்பு வட்டம் போட்ட வீடியோ ஏதாவது ஒண்ணு எப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், நம்ம குடும்ப க்ரூப்புக்கும் ஒரு மாமா மூலமா கரெக்டா வந்து சேர்ந்துடும். அந்த வீடியோக்காரங்க போட்டோவ ஏதோ ரகசிய இடத்துலேர்ந்து எடுக்கறதா நினைக்காதீங்க, எல்லாமே நாசா பப்ளிக்கா தொறந்து வச்சிருக்கற ரா இமேஜ் (மெருகேத்தாத படம்) கேலரிலேர்ந்து எடுத்ததுதான். லாகின் கிடையாது, காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ரோவர் (அங்க ஓடற ரோபோ வண்டி) எடுத்த படம் பூமிக்கு வந்ததும் ஆட்டோமேட்டிக்கா ஏறிடும், 2004ல ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டின்னு ரெண்டு ரோவர் இறங்கின காலத்துலேர்ந்தே இந்தப் பழக்கம் இருக்கு. "நாசா மறைக்குது"ன்னு சொல்றவங்க ஆதாரமா காட்டற படமே நாசா போட்ட படம்தான்ங்கறது தனி காமெடி.

சரி ரிவ்யூவுக்கு வருவோம். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம் ஃபில்டர். சோல் நம்பர் போட்டு தேடலாம் (சோல்னா செவ்வாய் நாள், நம்ம நாளை விட சுமார் 40 நிமிஷம் நீளம்), எந்த கேமரான்னும் பிரிச்சு பாக்கலாம். இது சாதாரண வசதி மாதிரி தோணும், ஆனா பாதி மர்மம் இதுலயே காலி. 2014 ஏப்ரல்ல கியூரியாசிட்டி ரோவர் எடுத்த படத்துல தூரத்துல ஒரு வெளிச்சம் மேல்நோக்கி நிக்குதுன்னு ஊரே பேசிச்சே, அது நேவ்கேம்ல (வழி பாக்கறதுக்கு ரெண்டு கண்ணு மாதிரி இருக்கற ஜோடி கேமரா) வலது கண்ல மட்டும்தான் இருக்கு, அதே நேரத்துல இடது கண் எடுத்த படத்துல ஒண்ணுமே இல்ல. காஸ்மிக் கதிர் (விண்வெளிலேர்ந்து வர்ற துகள்) கேமரா சென்சார்ல பட்டிருக்கலாம், இல்ல பாறைல வெயில் பட்டு மின்னியிருக்கலாம்னு நாசா சொன்னாங்க. வீடியோல இடது படத்த யாரும் காட்ட மாட்டாங்க, இங்க ரெண்டும் பக்கத்து பக்கத்துலயே கிடக்கு.

முன்னாடி பின்னாடி சோல் போய் பாக்கறதுக்கு பெஸ்ட் உதாரணம் ஆப்பர்சூனிட்டியோட ஜெல்லி டோனட். சோல் 3528ல வெறும் பாறைத் தரை, சோல் 3540ல அதே இடத்துல வெள்ளை ஓரம், நடுவுல சிவப்பா 4 செ.மீ. அகலத்துல ஒரு கல்லு உக்காந்திருக்கு, ரோவர் பெருசா எங்கயும் நகரவும் இல்ல. உண்மையிலேயே வினோதமான படம்தான், அதுல சந்தேகமே இல்ல. இது கல்லு இல்ல, காளான் மாதிரி ஒரு உயிரு, கிட்டப் போய் நல்லா போட்டோ எடுக்கணும்னு ஒருத்தர் நாசா மேல கேஸே போட்டாரு. இதுல கொடுமை என்னன்னா அவர் கேட்கறதுக்கு முன்னாடியே ரோவர் அத குளோசப் எடுத்து, மாங்கனீசும் கந்தகமும் அதிகமா இருக்குன்னு அளந்தே பாத்துட்டாங்க. 2014 பிப்ரவரி 14 அன்னிக்கு விடை வந்துச்சு, ரோவர் கொஞ்சம் மேட்டுல ஒரு கல்ல சக்கரத்தால நசுக்கி இருக்கு, அதோட துண்டு உருண்டு வந்து முன்னாடி விழுந்திருக்கு. ரோவரே போட்ட கல்லு!

பெர்சிவரன்ஸ் ரோவர்ல 2022 ஜூலைல வந்த நூடுல்ஸ் கதையும் இதே ரகம்தான். சுருண்டு கிடந்த நூல் மாதிரி ஒண்ணு, சில நாள்ல திரும்ப அந்த இடத்தப் பாத்தா காணோம். ரோவர இறக்கி விட்ட சாமான்லேர்ந்து பிய்ஞ்ச குப்பைன்னு சொன்னாங்க, காத்துல போயிருக்கும். செவ்வாய்ல மனுஷன் கால் வைக்கறதுக்கு முன்னாடியே நம்ம குப்பை போய் சேர்ந்திருச்சுன்னு வருத்தப்படறதா சிரிக்கறதான்னு தெரியல.

இப்ப குறை. பெரிய குறை ஒண்ணுதான், ஆனா அதுதான் வதந்திக்கு தீனி போடுது: ரா படத்துல அளவு காட்ட எதுவுமே இருக்காது. ஆள் கிடையாது, மரம் கிடையாது, கல்லும் மண்ணும்தான், அது 5 செ.மீ. கல்லா 5 மீட்டர் பாறையான்னு கண்ணால சொல்லவே முடியாது. 2022 மே 7 அன்னிக்கு கியூரியாசிட்டி எடுத்த, பாறைல வாசல் மாதிரி தெரிஞ்ச அந்த ஃபேமஸ் கதவு இருக்கே, உயரம் 30 செ.மீ.தான், ஸ்கூல் பசங்க ஸ்கேல நிக்க வச்சா அவ்வளவுதான் அந்த வாசல். இதுல கேமராவுக்கும் பங்கு இருக்கு, கியூரியாசிட்டியோட மாஸ்ட்கேம்ல (கம்பத்து மேல இருக்கற ஜோடி கேமரா) இடது லென்ஸ் 34 மி.மீ., வலது 100 மி.மீ., வலதுல எடுத்தா சின்ன இடம் படம் முழுக்க ரொம்பிடும், சுத்தி என்ன இருக்குன்னு தெரியாது. சோல் 3466 போட்டு மாஸ்ட்கேம் படங்கள வரிசையா பாத்தா அந்தச் சரிவு முழுக்க விரிசலா இருக்கறது தெரியும், ரெண்டு மூணு விரிசல் சேர்ற இடத்துல ஒரு துண்டு கழண்டு விழுந்திருக்கு, அவ்வளவுதான் கதவு. ஸ்பிரிட் எடுத்த படத்துல 2008 ஜனவரில "நடந்து போற பொண்ணு"ன்னு உலகமே பாத்த உருவமும் சில செ.மீ. உயரக் கல்லுதான். படத்துக்குக் கீழ "இது இத்தனை மீட்டர் தூரம், இத்தனை செ.மீ. அகலம்"னு ஒரு கோடு போட்டிருந்தா பாதி வீடியோ சேனல் மூடிட்டுப் போயிருக்கும். அதனாலதான் ஒரு ஸ்டார் கட், 4/5.

இன்னொரு விஷயம், இது ரா படம்னு பேரு இருந்தாலும் நமக்குக் கிடைக்கறது பெரும்பாலும் அமுக்கின ஜேபெக்தான். ஜேபெக் படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டித்தான் அமுக்கும், அத போன்ல ஜூம் மேல ஜூம் பண்ணா கட்டத்தோட ஓரம் எல்லாம் நேர்கோடா, செங்கல் சுவரா தெரிய ஆரம்பிக்கும், "செவ்வாய்ல கட்டிடம்" நிறைய இப்படித்தான் எழும்புது. குட்டி சைஸ் தம்ப்நெயில் ஃபைல் லிஸ்ட்ல வந்தா அத விட்டுட்டு முழு சைஸ் படம் இறங்கிற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. மாஸ்ட்கேம் ஃபைல் பேர்ல முதல் நாலு இலக்கம் சோல், அடுத்து எம்எல்னா இடது, எம்ஆர்னா வலது, யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா ஃபைல் பேர் கேளுங்க, பேர் இல்லன்னா பேச்சே வேணாம்.

சைனாக்காரன் கூட கம்பேர் பண்ணாதான் இதோட அருமை தெரியும். 2021 டிசம்பர்ல நிலாவோட மறுபக்கத்துல யூட்டு-2 ரோவர் அடிவானத்துல சதுரமா ஒண்ணப் பாத்துச்சு, "மர்ம குடிசை"ன்னு பேர் வச்சாங்க, 80 மீட்டர் தூரம்தான், ஆனா போய்ச் சேர்ந்து முயல் மாதிரி ஒரு கல்லுன்னு சொல்ல ஜனவரி ஆயிடுச்சு. அது வரைக்கும் நம்ம கைல இருந்தது மங்கலான ஒரு படம், முன்ன பின்ன ஃப்ரேம் புரட்டிப் பாக்க வழியே இல்ல.

ஒண்ணு மட்டும் எதிர்பாக்காதீங்க, உண்மையான பெரிய விஷயம் இந்த கேலரில பளிச்சுன்னு கண்ணுல படாது. 2024 மே மாசம் கியூரியாசிட்டி சக்கரம் ஏறி உடைஞ்ச கல்லுக்குள்ள சுத்தமான கந்தகப் படிகம் மஞ்சளா இருந்துச்சு, எந்த சிவப்பு வட்டமும் அதுக்கு முன்னாடி அந்தக் கல்ல சுத்தல. அதே வருஷம் ஜூலைல பெர்சிவரன்ஸ் பாத்த சேயாவா ஃபால்ஸ் பாறைல சிறுத்தைப் புள்ளி மாதிரி மில்லிமீட்டர் சைஸ் புள்ளிகள், பழங்கால நுண்ணுயிர் வேலையா இருக்க வாய்ப்பு உண்டுன்னு 2025 செப்டம்பர்ல ஆராய்ச்சிப் பேப்பரே வந்துடுச்சு, இன்னும் உறுதி ஆகல. படத்துல பாத்தா சாதாரண புள்ளி போட்ட கல்லு. அதுல என்ன தாது இருக்குன்னு ரோவர் கைல இருக்கற கருவிதான் சொல்லுச்சு, ஜூம் பண்ணி யாரும் கண்டுபிடிக்கல.

பெர்சிவரன்ஸ் பக்கத்துல வாரா வாரம் நல்ல படத்துக்கு பப்ளிக் ஓட்டு போடலாம், அத விடாதீங்க. லேப்டாப்ல பாருங்க, போன்ல வேணாம்.