புது ஸ்பிரிங் என்று சொல்லி என் ஸ்பிரிங்கையே வெட்டி மாட்டிவிட்டார்கள்

போன மாதம் அழகியமண்டபம் பக்கத்தில் என் காரின் பின் இடது டயர் பஞ்சர். கடைத் தம்பி ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் உள்ளே 'ணங்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் பின் ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கையால் தொட்டால் ஆடுகிறது.

"அண்ணே, இத யாருண்ணே வெட்டுனது?"

"வெட்டல தம்பி, புது ஸ்பிரிங். நாலு மாசம்தான் ஆச்சு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து ஸ்பிரிங்கின் மேல் இருந்த சிவப்புப் பெயிண்டைச் சுரண்டினான். அடியில் கறுப்பு. கறுப்பின் மேல் மங்கலாக இரண்டு மஞ்சள் புள்ளிகள். ஸ்பிரிங்கின் நுனியைத் தடவிப் பார்க்கச் சொன்னான். கிரைண்டரில் அறுத்த பிசிறு விரலைக் கீறியது.

அந்த மஞ்சள் புள்ளிகள் எனக்குத் தெரிந்தவை. எப்படி என்று சொல்கிறேன்.

என்னுடையது 2010 மாடல் ஸ்விஃப்ட், இரண்டாம் கை. வெறும் வண்டியாக நிற்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தெரியும். டயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழையும். எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. அக்கா மகன்தான் போனில் ஏதோ படத்தைக் காட்டி, "மாமா, பின்னாடி ஒரு 30 மில்லிமீட்டர் இறக்குனா வண்டி வேற லெவல்" என்று ஆரம்பித்தான். நாற்பத்தாறு வயதில் அந்த ஆசை எனக்கு வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது.

நாகர்கோவில் பக்கம் ஒரு மாடிஃபிகேஷன் பட்டறை. பெயர் சொல்லப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் வண்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அந்தப் படத்தில்தான் கறுப்பு ஸ்பிரிங்கில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன. எந்த வகை ஸ்பிரிங் என்று தெரிவதற்காகக் கம்பெனியில் போடும் அடையாளம் அது. படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

பேசிய கணக்கு இது: லோயரிங் ஸ்பிரிங் ஒரு ஜோடி 11,000, கூலி 2,500, 'ஃபோர் வீல் அலைன்மெண்ட்', அதாவது நாலு சக்கரத்தின் கோணத்தையும் சரிசெய்வது, 2,000. மொத்தம் 15,500. அலமாரியில் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். வண்டியை உள்ளே ஏற்றியதும் "கஸ்டமர் உள்ள நிக்கக் கூடாதுண்ணே, ஏதாச்சும் மேல விழுந்தா எங்க தலையில ஆயிரும்" என்றார் முதலாளி. நியாயமாகத்தான் பட்டது. நான் போய் ரசவடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இரண்டு மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். சிவப்பு ஸ்பிரிங் பளபளவென்று இருந்தது. பழைய ஸ்பிரிங் எங்கே என்று கேட்டேன், கேட்கத்தான் செய்தேன். "அதெல்லாம் ஆக்கர் கடைக்குப் போட்டாச்சுண்ணே, பழைய இரும்ப வச்சு என்ன செய்யப் போறிய?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் எரிகிறது.

முதல் வாரம் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பேசியது 30 மில்லிமீட்டர். இறங்கியதோ அதற்கும் மேலே. வளைவுக்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. திங்கள்சந்தைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டம்' என்று அடி. வேகத்தடை இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி இருக்கிறது, 10 சென்டிமீட்டர். நம் ஊரில் அவரவர் வீட்டு வாசலில் போடுவதற்கு எந்த விதி? குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ரோட்டில் சைலன்சர் இரண்டு தடவை தரையில் உரசியது. அம்மாவுக்கு முதுகுவலி. ஒருநாள் பின்சீட்டில் வந்துவிட்டு, "இதுக்கு மாட்டு வண்டியே மேல்" என்றாள்.

போன் செய்தேன். "புது ஸ்பிரிங் அப்படித்தாம்ணே இருக்கும், ஒரு 500 கிலோமீட்டர் ஓடட்டும், செட்டாயிரும்" என்றார். 500 போய் 2,000 ஆயிற்று. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் வருகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்பக்கம் இறங்கினால் முன் விளக்கு மேல்நோக்கி அடிக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. திட்டு வாங்க வேண்டியவன் நான்.

பயந்துபோனது ஒரு மழை நாளில். குமாரகோவில் ஜங்ஷன் பக்கம் ஒரு பைக் குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பஞ்சர் கடைக்குப் பிறகு தக்கலையில் எனக்குப் பழக்கமான ஒரு வயசான மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கழற்றி வைத்துக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பணம் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்.

இந்த வண்டியில் பின் ஸ்பிரிங் போல்ட் போட்டு இறுக்கியது கிடையாது. மேலே ஒரு கிண்ணம், கீழே அச்சில் ஒரு கிண்ணம், நடுவே ஸ்பிரிங். வண்டியின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சக்கரம் முழுக்கத் தொங்கினாலும் ஷாக் அப்சார்பர் ஓரளவுக்கு மேல் நீளாது என்பதால் அசல் ஸ்பிரிங் அப்போதும் கொஞ்சம் அழுத்தத்திலேயே இருக்கும். சுற்றை வெட்டிக் குட்டையாக்கினால் ஷாக் நீளும் அளவுக்கு ஸ்பிரிங் எட்டாது, அதனால் கழன்று ஆடும். என் வண்டியில் ஜாக்கியில் நடந்தது பெரிய பள்ளத்திலும் நடக்கலாம். நுனியை அறுத்துவிட்டதால் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காரவும் இல்லை. அப்புறம், வேலை செய்யும் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். ஐந்து சுற்றில் ஒன்று போனால் 25 சதவீதம் விறைப்பு கூடிவிடும். இவ்வளவு விறைத்தும் ஏன் அடித்தது என்று கேட்டேன். ஷாக் மேலே போவதற்கு இடமே மிச்சம் இல்லை, முழுக்க அமுங்கும்போது இரும்பு இடிக்காமல் தாங்குகிற பம்ப் ஸ்டாப் ரப்பரில்தான் வண்டி உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்றார். ரப்பர் இரண்டும் பிய்ந்திருந்தன. ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிவு.

பிரேக் விஷயம் இன்னும் மோசம். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் என் வண்டியில் இல்லை. பின் அச்சோடு இணைத்த ஒரு வால்வு, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தை நிரந்தரமாக இறக்கிவிட்டால் வண்டியில் பாரம் ஏற்றியிருப்பதாக எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். வெறும் வண்டியில் பின் சக்கரம் சுழலாமல் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அன்றைக்கு மழை பாவம், ஒன்றும் செய்யவில்லை.

அந்த 2,000 ரூபாய் அலைன்மெண்டையும் விட்டுவிடாமல் கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். இந்த வண்டியின் பின் அச்சில் திருகித் திருத்துவதற்கு எதுவுமே கிடையாதாம்.

அசல் ஸ்பிரிங் ஒரு ஜோடி, ஷாக் இரண்டு, பம்ப் ஸ்டாப், கூலி எல்லாம் சேர்த்து 9,800 ஆயிற்று. வண்டி பழையபடி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம்.

வெட்டிய ஸ்பிரிங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "இது எங்க வேலையே இல்ல, நீங்க வேற எங்கயோ போய் வெட்டியிருக்கிய" என்றார் முதலாளி. பில் கேட்டிருந்தால் இப்படிப் பேசியிருக்க முடியாது. என்னிடம் இருப்பது 'ரியர் ஒர்க் 15,500' என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம், ஜிபேயில் ஒரு தனி ஆளின் பெயருக்குப் போன பணம், '500 கிலோமீட்டர் ஓடட்டும்' என்று அவரே பேசி அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ், பிறகு அந்த மஞ்சள் புள்ளிப் படம். மறுநாளே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

என் பக்கமும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. வண்டி பதிவின்போது கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விழலாம். நான் மாதத்துக்கு இரண்டு தடவை கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவன், வழியில் யாராவது நிறுத்திப் பார்த்திருந்தால் மாட்டியிருப்பேன். இது ஒன்றையும் அந்தப் பட்டறைக்காரர் எனக்குச் சொல்லவில்லை.

உங்களுக்கும் அந்த ஆசை வந்து, இப்படி ஓர் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கில் உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங் இரண்டும் உங்கள் டிக்கியில் ஏறாமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பழையதைத் தர மறுக்கிற பட்டறையில் புதுசே கிடையாது.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க எழுதி வைத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். ஸ்பிரிங் இரண்டும் வீட்டுத் திண்ணையில் சாக்கோடு கிடக்கின்றன. சாட்சிப் பொருள், இனி பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டிப் பார்க்காதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் சுரண்டிக் காட்டி, ஒரு ஸ்பிரிங்கில் பாதிச் சிவப்பு ஏற்கனவே போய்விட்டது.