படிவத்தில் சொல்வதா, பேட்ச் அனுப்புவதா?

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கையேட்டிலிருந்த எடுத்துக்காட்டை அப்படியே ஒட்டி ஓடவிட்டேன். தொடரியல் பிழை என்று முகத்தில் அடித்தது. பார்த்தால், சேர்க்க வேண்டிய மதிப்புகளை அடுக்கும் வேல்யூஸ் பட்டியலின் கடைசியில் ஒரு மூடும் அடைப்புக்குறி இல்லை. பக்கத்தின் அடியில் இருந்த, பிழையைத் தெரிவிக்கும் படிவத்தில் சொல்லியிருக்கலாம். நான் மூலக்கோப்பைத் திருத்தி, மாறிய வரிகளை மட்டும் காட்டும் பேட்சாக அனுப்பினேன். இன்றைக்கும் என் ஓட்டு பேட்சுக்குத்தான்.

படிவம் இரண்டு நிமிட வேலை. எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுதினால் போதும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் கையேடு, யாரும் மாற்றிப் பகிர இடம்தரும் ஜிபிஎல் உரிமத்தில் வருவதில்லை. அங்கே பிழைப் பதிவு போடுவதுதான் நடைமுறை.

போஸ்ட்கிரெஸ் அப்படியில்லை. கையேட்டின் மூலம் நிரலோடு சேர்ந்தே கிடைக்கும். கோப்புப் பெயர் எஸ்ஜிஎம்எல் என்று முடிந்தாலும் உள்ளே இருப்பது டாக்புக் எக்ஸ்எம்எல், அதாவது ஆவணங்களுக்கான குறியீட்டு வடிவம். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருப்பது நகல்தான். அங்கே திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் செல்லாது, பேட்ச் மின்னஞ்சலில் போக வேண்டும்.

பேட்ச் பக்கம் என்னைச் சாய்த்தது பழைய பதிப்புகள். போஸ்ட்கிரெஸில் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. ஆக, எப்போதும் ஐந்து கிளைகளாவது, அதாவது பதிப்புக்கு ஒன்றான தனித்தனி மூலத்தொகுப்புகள், உயிரோடு இருக்கும். தேடி வருகிறவர் எந்தப் பதிப்பின் பக்கத்தில் போய் விழுவார் என்று யார் கண்டது? படிவத்தில் சொன்னால், ஒவ்வொரு கிளையிலும் அந்த வரியைத் தேடித் திருத்துவது வேறொருவர் தலையில் விழும். நீக்கும் பழைய வரிக்கு ஒரு கழித்தல் வரி, சேர்க்கும் புதிய வரிக்கு ஒரு கூட்டல் வரி மட்டுமே உள்ள பேட்ச் என்றால், பெரும்பாலும் எல்லாக் கிளையிலும் அப்படியே உட்காரும். நான் முதலில் கோட்டைவிட்டதும் இங்கேதான். கை சும்மா இருக்காமல் அக்கம்பக்கத்து வரிகளின் உள்தள்ளலையும் நேராக்கினேன். பழைய கிளையில் போட்டுப் பார்த்தால், வரிகள் பொருந்தாமல் மோதல். எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, அந்த ஒரு அடைப்புக்குறியை மட்டும் விட்டேன், சிக்கலில்லாமல் ஏறியது.

அப்புறம், எக்ஸ்எம்எல்லில் 'விடச் சிறியது' குறியை நேரடியாக எழுதக் கூடாது. மறந்தால் ஆவணமே உருவாகாது. அனுப்பும் முன், இப்படிப்பட்ட பிழைகளைச் சோதிக்கும் மேக் செக் கட்டளையை ஓட்டிவிடுவது நல்லது.

ஒரு பத்தியையே மாற்றி எழுதும் திருத்தம் எதையும் நான் அனுப்பியதில்லை; அதற்குப் படிவமே மேல் என்று தோன்றுகிறது. பிழைதானா என்று சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். தொடரியல் விளக்கத்தில் வரும் சதுர அடைப்புக்குறி 'விருப்பமிருந்தால்' என்று பொருள்படும். அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டுக் கையேட்டைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.