காரைக்குடி பக்கம் அல்ட்ராவைட் மானிட்டர் வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

34 இன்ச் அல்ட்ராவைட் (சாதா மானிட்டர விட அகலம் ஜாஸ்தியா இருக்குறது) வாங்குற ஐடியால யாராவது இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க. கம்மி ரெசல்யூஷன் மானிட்டர பெரிய ரெசல்யூஷன்னு சொல்லி ஒரு கடையில என் தலைல கட்டிட்டாங்க. புகார் போய்க்கிட்டு இருக்கு, அதனால கடை பேர் போடல. ஆனா என்ன பண்ணாங்கன்னு முழுசா சொல்லிடறேன்.

நான் பாக்குறது டிராஃப்டிங் வேலை, பழைய செட்டிநாட்டு வீடுகள அளந்து ஆட்டோகேட்ல (கம்ப்யூட்டர்ல பிளான் வரையுற சாஃப்ட்வேர்) வரையுறது. நம்ம ஊர் வீடுங்க தெரியும்ல, முகப்பு ஒரு தெருவுல இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும், நடுவுல வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு போய்க்கிட்டே இருக்கும். வீட்ட வெட்டிப் பாத்த மாதிரி வரையுற அந்த நீள செக்‌ஷன 24 இன்ச் ஸ்கிரீன்ல முழுசா வச்சா தூண் வேலப்பாடு ஒண்ணும் தெரியாது, ஜூம் பண்ணா பாதி வீடு வெளிய போயிரும். அதுக்குத்தான் 21:9 ஸ்கிரீன், அதாவது அல்ட்ராவைட், வாங்கணும்னு நெனச்சேன். ஒரு பக்கம் டிராயிங், பக்கத்துலயே சைட் போட்டோ, அளவு எழுதுன எக்செல்னு வச்சுக்கலாம்.

கடையில போனதுமே ரெசல்யூஷன் (ஸ்கிரீன்ல குறுக்கயும் நெடுக்கயும் உள்ள பிக்சல் புள்ளி எண்ணிக்கை) 3440×1440 தான் வேணும்னு தெளிவா சொல்லிட்டேன். "அதே தான் அண்ணே, கண்ணால பாருங்க"ன்னு கடைக்காரரு அவரு கம்ப்யூட்டர்ல மாட்டி டிஸ்ப்ளே செட்டிங்ஸ தொறந்து காட்டுனாப்ல. 3440×1440ன்னு தான் இருந்துச்சு. அந்த மாடலுக்கு உள்ள விலையே, 30 ஆயிரத்துக்கு மேல, கைல வாங்கிக்கிட்டாங்க.

வீட்ல மாட்டுனா 2560×1080க்கு மேல ஏறவே இல்ல. மொதல்ல கேபிள தான் சந்தேகப்பட்டேன், ஏன்னா பழைய எச்டிஎம்ஐ கேபிள்னா 3440×1440ல 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவ படம் மாறுறது) சரியா வராது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டேன், அப்பவும் அதே. அப்புறம் பின்னாடி ஸ்டிக்கர்ல இருந்த மாடல் நம்பர கம்பெனி சைட்ல போட்டுப் பாத்தா அது பொறந்ததே 2560×1080 பேனல். அப்ப கடையில காட்டுனது? கிராபிக்ஸ் கார்டு டிரைவர்ல விர்ச்சுவல் ரெசல்யூஷன்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணா படத்த பெருசா வரைஞ்சு திரும்ப சுருக்கி மானிட்டருக்கு அனுப்பும், செட்டிங்ஸ்ல பெரிய நம்பர் தெரியும், பேனல் என்னவோ பழைய பேனல் தான். வேற எப்படியும் அந்தப் பேனல்ல அந்த நம்பர் வந்திருக்க வழியில்லன்னு தான் எனக்குப் படுது.

நம்பர்ல என்ன வந்துருச்சுன்னு கேக்காதீங்க. 34 இன்ச்ல 3440×1440னா சுமார் 49.5 லட்சம் பிக்சல், 2560×1080னா 27.6 லட்சம் தான். ஒரு இன்ச்சுக்கு 110 பிக்சல் வரவேண்டிய எடத்துல 82 தான் வருது, சாதா 24 இன்ச் ஃபுல் எச்டிலயே 92 இருக்கும். ஹேட்ச் கோடெல்லாம் (டிராயிங்ல ஒரு எடத்த நெரப்புற நெருக்கமான கோடு) பல்லு பல்லா தெரியுது, டைமென்ஷன் எழுத்து மங்கலா இருக்கு, சாயங்காலம் ஆனா கண்ணு எரியுது. சினிமா பாக்குறவங்களுக்கு அந்த மானிட்டர் ஓகே தான், அதுக்கு உள்ள கம்மி விலைல வாங்குனா. நாள் பூரா எழுத்தும் கோடும் பாக்குறவங்களுக்கு ஆகாது.

அதனால கடையில செட்டிங்ஸ்ல உள்ள ரெசல்யூஷன மட்டும் பாக்காதீங்க. விண்டோஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்கு போனா டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட்னு ரெண்டு வரி இருக்கும், ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும். மானிட்டரோட சொந்த மெனுலயும் என்ன சிக்னல் வருதுன்னு காட்டும். முடிஞ்சா உங்க லேப்டாப்பயே எடுத்துட்டுப் போங்க, பின்னாடி மாடல் நம்பர போட்டோ எடுங்க, பில்லுல மாடல் நம்பரும் ரெசல்யூஷனும் எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க.

எனக்கு குடுத்த பில்லுல "34 இன்ச் கர்வ்டு மானிட்டர்"னு மட்டும் தான் இருக்கு. திரும்பப் போனப்ப அத வச்சுத்தான் பேசுனாங்க. "பாத்துத்தான வாங்குனீங்க, சீல் ஒடச்சா ரிட்டர்ன் கெடையாது"ன்னு ஒரே பேச்சு, ஓனர் எந்திரிச்சு கூட வரல. எனக்கு வந்த கோவம் பணத்துக்காக மட்டும் இல்ல, என்ன வேலைக்கு வேணும்னு ஒக்காந்து வெளக்கி சொன்ன ஆள்கிட்டயே இத பண்ணிருக்காங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன். அதுக்கப்புறம் கடையில இருந்தே கூப்பிட்டாங்க, பணம் தரமாட்டாங்களாம், அதே தொகைக்கு வேற பொருள் எடுத்துக்கணுமாம். வேணாம்னுட்டேன். இல்லாத தரத்த இருக்குன்னு சொல்லி விக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம், நாம குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு கட்டணம் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கு பேப்பர் ரெடி பண்ணிக்கிட்டு இருக்கேன். பெட்டி, பில், ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். இதே மாதிரி யாருக்காவது ஆகியிருந்தா பில்ல தூக்கிப் போட்டுறாதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே போடலாம்.