கீவேர்டுக்கு ஒரு பேஜா, எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேஜா?

கீவேர்டுன்னா ஆளுங்க கூகுள்ல டைப் பண்ணித் தேடற வார்த்தை. சைக்கிள் பராமரிப்பு பத்தி நான் நடத்துற சைட்ல ரெண்டு வழியும் ஓட்டிப் பாத்தாச்சு, இப்ப நான் ஒரே பேஜ் கட்சி, அதை முதல்லயே சொல்லிடறேன்.

மெட்டா கீவேர்ட்ஸ் டேக் (பேஜோட கோடுக்குள்ள கீவேர்டை எழுதி வைக்கற வரி) பேச்சே வேணாம், ரேங்கிங்குக்கு அதைப் பாக்கறதில்லன்னு கூகுளே 2009ல சொல்லிடுச்சு. ஒரே வார்த்தையை வரிக்கு வரி திணிச்சா ஸ்பேம் கணக்குல போயிடும்.

தனித்தனி பேஜ்னா, 'செயின் கிளீன் பண்றது எப்படி'க்கு ஒண்ணு, 'செயின் துரு போக'ன்னு ஒண்ணு, 'செயினுக்கு என்ன ஆயில்'னு ஒண்ணு. தேடற வார்த்தை டைட்டில்ல அப்படியே உக்காரும், எழுதவும் ஈஸி.

ஒரே பேஜ்ல முக்கியமான கீவேர்ட் மட்டும் டைட்டில்ல, மத்ததெல்லாம் சப்ஹெட்டிங். 2019ல பெர்ட்ங்கற மொழி மாடல் வந்ததுக்கப்புறம் கூகுள் தேடற வாக்கியத்தோட அர்த்தத்தையே நல்லா புரிஞ்சுக்குது, அதனால வார்த்தை அச்சு அசலா இல்லாட்டியும் பேஜ் வரலாம்.

ஆனா என்னை இந்தப் பக்கம் இழுத்தது பேஜ்களைப் பராமரிக்கற வேலைதான். ஆயில் விஷயத்துல ஒரு வரி மாத்தணும்னா மூணு பேஜையும் திறக்கணும், ஒண்ணு விட்டுப்போச்சுன்னா ஒரே சைட் ரெண்டு விதமா பேசும், புதுசா எதாவது எழுதினா எந்த பேஜ்க்கு லிங்க் குடுக்கறதுன்னு வேற குழப்பம். சர்ச் கன்சோல்ல (நம்ம சைட் தேடல்ல எப்படி வருதுன்னு காட்டற கூகுள் டூல்) ஒரு க்வெரிய, அதாவது தேடின வார்த்தையை, க்ளிக் பண்ணி 'பேஜஸ்' டேப் பாருங்க, நம்ம யூஆர்எல்லே ரெண்டு மூணு அதே க்வெரிக்கு இம்ப்ரெஷனை (ரிசல்ட்ல தெரியற எண்ணிக்கையை) பங்கு போட்டுட்டு நிக்கும், ஒரு வாரம் இது மேல, அடுத்த வாரம் அது மேல, எதுவும் முதல் பக்கத்துக்கு வராது. நம்ம பேஜுக்கு நம்ம பேஜே போட்டி! மூணையும் சேத்து 301 ரீடைரக்ட் (பழைய யூஆர்எல்லுக்கு வர்றவங்களை நிரந்தரமா புது பேஜுக்குத் திருப்பறது) போட்டப்புறம் பாக்க வேண்டியது ஒரே இடம்தான்.

எல்லாத்தையும் சேத்துடவும் கூடாது. ரெண்டு கீவேர்டையும் தேடிப் பாருங்க, ரிசல்ட் பெரும்பாலும் ஒண்ணாவே வந்தா ஒரே பேஜ் போதும், 'செயின் மாத்தறது' மாதிரி வேற ரிசல்ட் வந்தா தனி பேஜ்தான். கலர், சைஸ்னு ஆயிரக்கணக்குல பேஜ் இருக்கற ஷாப்பிங் சைட்ல நான் வேலை பாத்ததில்ல, அங்க தனித்தனியா வைக்கறதுக்கு நியாயம் இருக்கலாம்.

சேக்கறதா இருந்தா முதல்ல சர்ச் கன்சோல்ல இருக்கற 16 மாச டேட்டாவை எக்ஸ்போர்ட் பண்ணுங்க, க்ளிக் அதிகமா வர்ற பேஜை வச்சுக்கிட்டு மத்ததை அதுக்குத் திருப்பி விடுங்க, அந்த ரீடைரக்ட்டை ஒரு வருஷமாவது எடுக்காதீங்க.